ஏரிப்பக்க ஜன்னல்

நிசார் பாய் எப்போதும்
ஏரிப்பக்கம்தான் கேட்பார்.
அரக்கோணம் போகையில் இடப்புறம்,
வருகையில் வலப்புறம்.
தோல் ஷெட் வாசனையோடு ஏறுவார்.
காவேரிப்பாக்கம் கரை தெரிந்ததும்
ஜன்னல் கம்பியில் நெற்றியை ஒட்டிக்கொள்வார்.
மீதிச் சில்லறை கேட்டதே இல்லை.

"கண்டக்டர், உமக்குத்தான் எண்ண வரும். வாங்க."

பதினெட்டு வருஷம் தலை எண்ணியவன் நான்.
வார ஓய்வில் பறவை எண்ணப் போகிறேன் என்றதும்
"ஓவர்டைம் உண்டா?" என்றாள் பூங்காவனம்.

துலுக்கானத்தின் தெப்பம் என்பது
நாலு தெர்மாகோல் பலகை,
யூரியா சாக்கு, நைலான் கயிறு.
துடுப்புக்கு இரண்டு சாப்பாட்டுத் தட்டு.
"உள்ளே தள்ளி உக்காருங்க சார்,
படியில தொங்காதீங்க" என்றான்
என்னிடமே.

தீவு என்பார் பாய்.
துலுக்கானத்துக்கு அது வேலா மேடு.
மூன்று வருஷம் முன்பு அங்கே ஆடு மேய்ந்தது,
ஞாயிறு தோறும் சீட்டுக்கட்டு புரண்டது.
பாலாற்றில் நீர் வந்து
கால்வாய் வழியே ஏரி தளும்பிய மழைக்காலம்
மேட்டுக்குப் பெயர் மாறியது.
ஆட்டம் பாதியில் விட்டுப்போன நாற்காலி ஒன்று
முட்டளவு நீரில் இன்னும் நிற்கிறது.
அதன் முதுகில் நீர்க்காகம்,
துவைத்த சட்டையை
உடம்பிலேயே காயப்போட்டவன் மாதிரி.

மதகுப் பக்கம் நாமக்கோழிகள்
நெற்றியில் வெள்ளை துலங்க வரிசையாக.
"சோளிங்கர் கூட்டம்" என்றேன்.
பாய் சிரித்ததில் தெப்பம் ஆடி
என் செருப்பு ஒன்று போனது.

கிட்டே போனதுமே மரங்கள் எழுந்துகொண்டன.
சங்குவளை நாரை, அரிவாள் மூக்கன்,
கரண்டிவாயன், வக்கா,
பாய் சொல்லச் சொல்ல எண்ணினேன்.
நாற்பத்தேழில் விட்டுவிட்டேன்.
காக்கி இல்லாத என் ஒரே நல்ல சட்டையில்
சுடச்சுட ஒரு எச்சம்.

எங்களை இறக்கிவிட்டு
துலுக்கானம் வலை பார்க்கப் போனான்.
அசையாமல் உட்காரச் சொன்னார் பாய்.
உட்கார்ந்தோம்.
இலையெல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல்.
காலடியில் நொறுங்கும் நத்தை ஓடு.
மீன்கவிச்சி தலைக்கு ஏறியது.
அரைமணியில் ஒவ்வொன்றாகத் திரும்பின.
நாங்கள் இரண்டு கட்டை என்று
முடிவு செய்திருக்க வேண்டும்.
மறுபடி எண்ணினேன்.
நின்றவை தனி, உட்கார்ந்தவை தனி.
குஞ்சுகளுக்கு அரை டிக்கெட்.
இருநூற்றுப் பன்னிரண்டு வரை வந்தேன்.

அப்போதுதான் உடும்பைப் பார்த்தேன்.
கருவேலத் தண்டோடு தண்டாக,
அவசரமே இல்லாமல்,
தாழ்ந்த கிளையில் இருந்த
வக்காவின் கூட்டை நோக்கி.
மூன்று முட்டை. இளநீலம்.

ஓய்வு நாளிலும் விசில்
சட்டைப்பையில்தான் இருக்கும்.
கை போனது எனக்குத் தெரியாது.
ஊதினேன். நீளமாக,
ரன்னிங்கில் ஏறுகிறவனைப் பார்த்து ஊதுவதுபோல.

உடும்பு விழுந்து ஓடியது.
தீவும் ஓடியது.
ஒரு கூட்டில்கூட ஒரு தாய் இல்லை.
எங்கே காத்திருந்தனவோ தெரியவில்லை,
முதலில் ஒரு காக்கை.
பிறகு எண்ணவில்லை.

எழுந்து கையை வீசினேன், கத்தினேன்.
"உட்காருங்க" என்றார் பாய்.
அவ்வளவுதான் சொன்னார்.

கரை வரும்வரை தட்டுகள் மட்டும்
தண்ணீரை அள்ளி அள்ளிப் போட்டன.
நோட்டில் அவர் எழுதியதை
ஓரக்கண்ணால் படித்தேன்:
எண்ணிக்கை முழுமை பெறவில்லை. காரணம், நாங்கள்.
என் பெயரைத் தனியாக எழுதியிருக்கலாம்.

மறுநாள் அதே காலை ஷிப்ட்.
ராணிப்பேட்டையில் ஏறினார்.
ஏரிப்பக்கம் காலியாக வைத்திருந்தேன்.
பேசாமல் உட்கார்ந்தார்.
மீதி மூன்று ரூபாயைக் கையில் வைத்தேன்,
வாங்கிக்கொண்டார்.

கரை நிறுத்தத்தில் ஒரு கிழவர் இறங்க வேண்டும்.
ஒரு ரூபாய் நாணயத்தால் கம்பியைத் தட்டினேன்.
டிரைவர் தசரதனுக்குக் கேட்கவில்லை.
மறுபடி தட்டினேன்.
"விசில் என்னய்யா ஆச்சு?" என்று கத்தினான்.

நாற்காலி தூரத்தில் தெரிந்தது.
மேலே ஏதோ கறுப்பாக.
பாய் கம்பியிலிருந்து நெற்றியை எடுத்து
நான் பார்க்க
கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டார்.